வலது பக்கம் ஒரு பட்டை குறைவு

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் தன்மானத்தைப் பற்றி யோசிக்கக் கூடாது. கோகுலகிருஷ்ணனிடம் அந்தச் சரக்கு ஆரம்பத்திலிருந்தே கம்மி. அதனால் அதிகச் சிரமமில்லாமல் உள்ளே நகர்ந்தான். மூக்குக்கு நேரே முன் ஆக்ஸில். காதோரம் இரண்டு நாள் வெயிலில் புளித்த தக்காளி. முதுகுக்கு அடியில் ஒரு கல். அவன் நகர்ந்த இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே வந்தது.

"என்னப்பா தெரியுது?" வெளியே ஸ்வர்ணலதாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"என் எதிர்காலம் மேடம். கறுப்பா, கிரீஸா கீது."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். பட்டையை எண்ணு."

சித்தூருக்கு வெளியே, போலீஸ் பிடித்த வண்டிகளைப் போட்டு வைக்கும் மைதானம் அது. ஸ்வர்ணலதா இருபது வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்துச் சான்று எழுதும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கோகுல். கோகுல் மெக்கானிக்கல் டிப்ளமாவை மூன்று பாடம் பாக்கி வைத்துவிட்டு வெளியே வந்தவன். அந்த மூன்றில் ஒன்று வாகனப் பொறியியல் என்பதை அவன் மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

அவன் தலைக்கு மேல் நின்ற லாரிக்குப் பதினாறு வயது. கிலோமீட்டர் காட்டும் முள் ஒன்பது லட்சத்தைத் தாண்டியதும் களைத்துப்போய் நின்றுவிட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை. பலமனேரில் காய்கறி ஏற்றித் தடா பக்கத்துக் கம்பெனி கேண்டீன்களில் இறக்குவது அதன் பிழைப்பு. போன வாரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு அலைய ஆரம்பித்தது. சக்கரத்தைத் திருப்பும் கிங் பின் தேய்ந்திருந்தது, புஷ்கள் முட்டை வடிவமாகியிருந்தன, முன்பக்கத்துக் கமான் கட்டுகள் இரண்டும் சோர்ந்து தட்டையாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை, சித்தூர் பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் எழிலரசன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, பலமனேர் மலை இறக்கத்தில், பழுது பார்த்த பிறகு ஏற்றிய முதல் முழு லோடோடு வந்தபோது, வலது முன்சக்கரம் ஆக்ஸிலோடு பின்னுக்கு வழுக்கியது. வண்டி சாலையைக் குறுக்கே வெட்டி, எதிரே மொபெட்டில் வந்த பால்காரர் நாகேந்திரனைச் சாய்த்துவிட்டுப் பாறையில் முட்டி நின்றது. பால்காரர் அங்கேயே போய்விட்டார். டிரைவர் கங்கையா கால் முறிந்து திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில். மெக்கானிக் எழிலரசன் லாக்கப்பில், கைது என்று எழுதியது மட்டும் நேற்றுத்தான். இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்று நேற்று அலுவலகத்துக்கு வந்து நின்றவள் அவன் மனைவி ரூபா.

"இடது பக்கம் ஒன்பது பட்டை. வலது பக்கம் எட்டு," என்றான் கோகுல்.

விபத்து வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் இதை ஏற்கெனவே எண்ணி எழுதிவிட்டார். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் கமான் கட்டு. அதை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிப்பவை பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், நான்கு நட்டு. ஒரு பட்டையின் கனம் குறைந்தால் நட்டு அவ்வளவு தூரம் கூடுதலாக ஏற வேண்டும். ஆனால் போல்ட்டின் மரை அங்கே முடிந்துவிடும். ஸ்பேனர் பிடித்த கைக்கு இறுகியது போலத் தெரியும், உள்ளே கட்டு தளர்வாகவே கிடக்கும். வலது பக்கம் நடந்தது அதுதான்.

யார் அந்தப் பட்டையைக் குறைத்தது என்பதில் போலீசுக்குச் சந்தேகமே இல்லை. எழிலரசன் நட்டை இறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட் முனைக்கும் சேர்த்துச் சிவப்பாக ஒரு கோடு இழுப்பான். யாராவது நட்டைத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எட்டு நட்டிலும் கோடு உடையவில்லை. ஆக, பட்டறையை விட்டுப் போன பிறகு யாரும் கை வைக்கவில்லை. எட்டுப் பட்டை போட்டு ஏமாற்றியது எழிலரசனேதான். அவன் கோடே அவனுக்கு எதிர்ச் சாட்சி. போலீஸ் இன்ஸ்பெக்டர் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக இதை விளக்கியபோது கோகுலுக்கே கைதட்டலாம் போலிருந்தது.

"மேடம், வலது பக்கக் கோடு மினுக்குது."

"டார்ச் வெளிச்சமா இருக்கும்."

"டார்ச்சை அணைச்சிட்டுத்தான் சொல்றேன். உள்ளே ஜிகினா கீது. கல்யாணத்துக்குப் போற நட்டு மாதிரி."

ஸ்வர்ணலதா குனிந்து எட்டிப் பார்த்தாள். பிறகு தன் செல்போனை உள்ளே நீட்டி, இரண்டு பக்கமும் கிட்டத்தில் படம் எடுக்கச் சொன்னாள். அவன் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது பக்கத்துக் கோடுகள் கருஞ்சிவப்பு. தடிமனாக வழிந்து, ஒரு நட்டில் சொட்டியே இருந்தது. வலது பக்கத்தில் ரோஸ் கலந்த சிவப்பு, ஜிகினாவோடு. நான்கும் மெல்லிய கோடுகள். ஓரத்தில் பிசிறு இல்லை. ஒரு பூச்சு காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு.

பிரேக் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள், வண்டி ஓனர் பாலசுப்பிரமணியன் என ஐந்து ஆம்பளைகள் இதைப் பார்த்திருக்கிறார்கள், ஐந்து பேருக்கும் சிவப்பு என்றால் ஒரே சிவப்புதான் என்றாள். கோகுல் தன்னையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். ஜிகினா இல்லாவிட்டால் அவனும் விட்டிருப்பான். ஆனால் சொல்லும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது. இந்த நிறத்தை இரண்டொரு நாளில் வேறெங்கோ பார்த்திருக்கிறான். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பைபாஸ் பட்டறை பாதி மூடியிருந்தது. ரூபா உள்ளே ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. ஸ்வர்ணலதா கேட்டதும் ஜன்னலிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து வந்தாள். நகப்பாலிஷ். கருஞ்சிவப்பு. பெயிண்ட் என்றால் காய நேரமாகும் என்று அவளுடையதை எடுத்துப் போய்விடுவானாம். அவள் புதிதாக வாங்குவதெல்லாம் லாரிக்கு அடியில்தான் போய்ச் சேர்கிறது என்று சிரிக்க ஆரம்பித்தவள், முடிக்கவில்லை.

"கோடு இழுக்கும்போது சொட்டுமா?" ஸ்வர்ணலதா கேட்டாள்.

"அவரு கைக்கு ஒழுங்கா வருமா மேடம்? என் நகத்துக்கு ஒரு தபா போட்டு விட்டாரு. வெரலு பூரா பூசிட்டாரு."

வேறு புட்டி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. ஜிகினா வைத்தது தனக்குப் பிடிக்காது என்றாள். காலையில் லாக்கப்பில் அவர் ஏதாவது பேசினாரா என்று ரூபா கேட்டபோது கோகுல் தரையைப் பார்த்தான்.

பேசினான் என்று சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் சொன்னபடி, புதன்கிழமை சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போகும்வரை எழிலரசன் ஒன்பது பட்டை போட்டேன், ஒன்பது போட்டேன் என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. காலையில் ஸ்வர்ணலதா கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று கால் மணி நேரம் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"கங்கையா அண்ணன் எப்டி படுத்துக்கினு கீறாரு மேடம்? மல்லாந்தா, ஒருக்களிச்சா?"

திருப்பதிக்குக் காரை ஓட்டிக்கொண்டே கோகுல் தன் கண்டுபிடிப்பை எடுத்து வைத்தான். ஓனர் பாலசுப்பிரமணியனுக்கு இன்னொரு வண்டி இருக்கிறது. அதற்கு ஒரு பட்டை தேவைப்பட்டிருக்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி அதில் மாட்டிவிட்டார். மனைவியின் நகப்பாலிஷை எடுத்துக் கோடு இழுத்துவிட்டார். ஆள் முகமே அப்படி.

"அந்த வண்டியை நேத்தே போய்ப் பார்த்தேன். அதோட கமானுக்கு இந்தப் பட்டை நீளம் பத்தாது. முகத்துக்கு அவர் என்ன செய்வார், பாவம்."

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன்பக்கத்திலிருந்து வழக்கமான 'கடக்' சத்தம். ஊரார் வண்டிச் சஸ்பென்ஷனை ஆராய்கிறவர்களின் கார் அந்த லட்சணத்தில் இருந்தது.

"நல்லா யோசி கோகுல். திருடுறவன் ஏன் ஒரு பக்கம் மட்டும் திருடணும்? ஏமாத்துற மெக்கானிக் ரெண்டு பக்கமும்தான் ஏமாத்துவான். ஒரு பக்கம் மட்டும் குறைச்சா வண்டி சாஞ்சு நின்னு காட்டிக்கொடுத்துடுமே. அப்போ ஒரு பட்டை குறைஞ்சு வலது பக்கம் மட்டும் மெத்துனு ஆகணும்னு யாருக்குத் தேவை?"

கோகுல் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இந்தப் பள்ளத்தில் அவன் முதுகில் விழுந்த இடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அவன் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து. டிரைவர் உட்காருவது வலது பக்கம்.

வாயை மூடிக்கொண்டான். நேற்று ஆஸ்பத்திரியில் கங்கையாவின் கட்டிலுக்கு அடியில் இடுப்புக்குக் கட்டும் அகலமான பெல்ட் ஒன்று சுருண்டு கிடந்தது. கால் உடைந்தவனுக்கு எதற்கு இடுப்புப் பெல்ட் என்று அப்போது தோன்றவில்லை. வாங்கிப் போன இட்லி ஆறிவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலையாக இருந்தது.

"கால் முறிஞ்ச ஆளைப் பத்தி விசாரிக்கிறவன் காலைப் பத்தித்தான் கேப்பான்," என்றாள் ஸ்வர்ணலதா. "எழிலரசன் முதுகைப் பத்தி கேட்டான்."

"ஆனா அந்தக் கோடு? கங்கையா ரெண்டு பூச்சு பூசுவாரா மேடம்?"

"அது நகத்துக்குப் போட்டுப் பழகின கை. நீ நேத்து அங்கே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தே. நான் உன்னைத்தான் கேக்கணும்."

கோகுலுக்கு இப்போது ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம் என்றிருந்தது. அவன் காரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். ரோடு மோசம் என்று அவளிடம் காரணம் சொன்னான். அந்த இடத்தில் ரோடு நன்றாகத்தான் இருந்தது.

வார்டில் கங்கையா மல்லாந்து படுத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கால் மாவுக்கட்டில். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி கிருஷ்ணம்மா. கோகுலைப் பார்த்ததும் எழுந்து, தம்பி துன்னிட்டு வந்தியா என்று கேட்டாள். நேற்று கேட்டதும் இதைத்தான். நேற்றுப் போலவே அவள் கைகள் முந்தானைக்குள் இருந்தன. கோகுல் கீழே பார்த்தான். செருப்பில்லாத கால்கள். பத்து விரல் நகத்திலும் ரோஸ் கலந்த சிவப்பு, ஜிகினாவோடு. ஓரத்தில் பிசிறில்லாமல், இரண்டு பூச்சு.

ஸ்வர்ணலதா நேராகக் கங்கையாவிடம் போனாள். முதுகு எத்தனை நாளாக வலிக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். ஆறு வருஷமாக வலி. முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, வண்டி ஓட்டாதே என்றார் டாக்டர். ஓனருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார். பழைய கமான் செத்துப்போய்த் தொட்டில் மாதிரி இருந்ததால் எப்படியோ ஓட்டிவிட்டார். புதுசு மாட்டியதும் ஒவ்வொரு பள்ளமும் நடு முதுகில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமையே எழிலரசனிடம் கேட்டார், தன் பக்கம் மட்டும் ஒரு பட்டையை உருவிவிடு என்று. அவன் முடியாது என்றுவிட்டான். வேண்டுமானால் தலையணை போட்டு உட்காரு என்று சிரித்தான்.

"திங்கக்கெழம புத்தூர்ல ஊட்டாண்ட நிறுத்தி நானே கழட்டிட்டேன் மேடம். மல்லாந்து படுத்தா எனக்கு வலி இல்ல. அதனால கழட்ட முடிஞ்சது. முடிச்சிட்டு எழுந்திருக்கத்தான் முடியல. பட்டைய சாக்குல சுத்தி ஊட்லயே வச்சிக்கிறேன். ஓனர் சொத்து, தூக்கிப்போட மனசு வரல."

மலை இறங்கியதும் எழிலரசனிடம் வண்டியை விட்டு ஒருமுறை பார்த்துவிடலாம் என்றிருந்தாராம். மலை அதுவரை பொறுக்கவில்லை. பால்காரர் நாகேந்திரன் பெயரைச் சொல்ல வந்து சொல்லாமல் நிறுத்தினார்.

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"இங்க வந்த ஏட்டு இதப் பத்தி எதுவும் கேக்கலயே. வண்டி வழுக்குச்சான்னு கேட்டாரு, வழுக்குச்சின்னேன். எழில் சொல்லியிருப்பான்ல? கட்டப் பார்த்தாலே அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே."

ஸ்வர்ணலதா கிருஷ்ணம்மாவைப் பார்த்தாள். கிருஷ்ணம்மா ஜன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் கோகுலுக்குப் புரிந்தது, எழிலரசன் லாக்கப்பில் இருப்பது இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. அவன் நேற்று இங்கே இரண்டு மணி நேரம் இட்லியும் ஜோக்குமாக உட்கார்ந்திருந்தான். அப்போதும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கிருஷ்ணம்மா தண்ணீர் பிடித்து வரச் சொல்லி அவனை வெளியே அனுப்பியிருக்கிறாள். மூன்று தடவை. துப்பறிகிறவன் மூன்று தடவையும் சொம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஸ்வர்ணலதா விஷயத்தைச் சொன்னாள். ஐந்து மணி, மாஜிஸ்திரேட், எட்டு நட்டிலும் உடையாத கோடு.

"அது எப்டி?" கங்கையா தலையைத் தூக்கப் பார்த்தார். "நான் நாலு நட்டையும் கழட்டுனேனே. கோடு ஒடஞ்சிருக்கணுமே."

கிருஷ்ணம்மா முந்தானையை விலக்கிக் கைகளை வெளியே எடுத்தாள். பத்து விரல்களிலும் நகத்தை எதையோ கொண்டு சுரண்டியிருந்தாள். ஓரங்களில் சதை கிழிந்து காய்ந்திருந்தது. கால் விரல்களை மறந்துவிட்டிருக்கிறாள்.

"நான்தான் போட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் அதே லாரியில் திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போயிருந்தார்கள். வண்டி பூஜை. பூசாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், முன்னால் குங்குமம் வைத்தார். திரும்பும் வழியில் அங்கேயே ஒரு கடையில் நகப்பாலிஷ் வாங்கினாள். வண்டி புதுசாகிவிட்ட சந்தோஷம். அன்று மத்தியானம் இவர் லாரிக்கு அடியிலிருந்து எழ முடியாமல் கிடந்தபோது, பிள்ளையைத் தூக்குவது போல இவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். பிறகு ஸ்பேனர் எடுக்க லாரிக்கு அடியில் போனவள் நட்டுகளைப் பார்த்தாள்.

"இவரு சொல்லிக்கினே இருந்தாரு, எழில் ஒரு கோடு போடுவான், அது நேரா இருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. பாத்தா எல்லாக் கோடும் ஒடஞ்சி கெடந்துச்சி. எனக்கு மனசு கேக்கலம்மா. குங்குமம் அழிஞ்சா திருப்பி வைக்கிறோம்ல? அந்த மாதிரிதான். பழச சுரண்டிட்டு, சாமிய வேண்டிக்கினு நல்லதா போட்டேன்."

வியாழக்கிழமைதான் தெரிந்தது, அந்தக் கோட்டை வைத்தே எழிலரசனைப் பிடித்திருக்கிறார்கள் என்று. அன்று ராத்திரி முழுக்க நகத்தைச் சுரண்டினாள். சொன்னால் புருஷன் ஜெயிலுக்கு, சொல்லாவிட்டால் ரூபா புருஷன். இதற்கு நடுவில் அவளுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

கங்கையா கையை மட்டும் நீட்டினார். கிருஷ்ணம்மாவுக்காக இல்லை, ஸ்வர்ணலதாவின் செல்போனுக்காக. இன்ஸ்பெக்டருக்கு நம்பர் போட்டுக் கொடுங்கள் என்றார். நர்ஸை அருகில் நிற்க வைத்துக்கொண்டு, கோகுல் இன்னொரு செல்லில் படம் பிடிக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கடைசியில் எழிலரசனிடம் ஒரு நிமிஷம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் கம்பிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எழிலு, நீ எதுக்குடா வாய மூடிக்கினு கெடந்தே?"

கரகரத்த குரல் வந்தது. "தலகாணி போட்டு உக்காருன்னு நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணா."

கோட்டைப் போட்டவள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். மணி மூன்றேகால். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கங்கையாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். கிருஷ்ணம்மா காரில் முன் ஸீட்டில் உட்கார்ந்தாள். புடவைக் கரையை இழுத்துக் கால் விரல்களை மூடிக்கொண்டாள். கோகுல் பள்ளங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஓட்டினான். இரண்டு பள்ளங்களை ஒதுக்க முடியவில்லை. ஸ்வர்ணலதா பின்னால் அமர்ந்து யாரோ வக்கீலிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தாள், ரூபாவுக்காக அல்லாமல் இவளுக்காக.

சித்தூர் தெரியத் தொடங்கியதும் கிருஷ்ணம்மா புடவைக் கரையை மறுபடி இழுத்துவிட்டாள். பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, கோடு நேராத்தானே இருந்துச்சி?"

"நேராத்தான் இருக்கு அக்கா," என்றான் கோகுல். "நான் அடியில படுத்துப் பாத்தேன்."